பூசணம் பிடிச்ச லென்சு

ஒரு ஊர்ல ஒரு கல்யாணம். படத்துல பொண்ணுக்கு மூஞ்சி இல்ல.

ம் கொட்டு. கொட்டினாத்தான் மேல சொல்வேன்.

மலைமேல தேயிலைத் தோட்டம். வருசத்துல ஆறு மாசம் மழை, சோன்னு கொட்டும். அந்த ஊருக்கு ஒரே போட்டோக்காரன், இசக்கிமுத்து. அவன்கிட்ட ஒரே கேமரா, அதுக்கு ஒரே லென்சு. லென்சுன்னா கேமராவோட கண்ணு. அப்பா வாங்கிக் குடுத்தது, அதனால உசிரு. ஈரக் காத்து பட்டுடுமேன்னு தோல் பைக்குள்ள போட்டு, பையை வெல்வெட்டுத் துணியில சுத்தி, இரும்புப் பீரோவுல பூட்டிடுவான். மழை மாசம் முழுக்க எடுக்கவே மாட்டான்.

அப்புறம் மழை விட்டுது, தை பொறந்துது, கல்யாணம் வந்துது. பொண்ணு தவமணி. தோட்டத்து ஆஸ்பத்திரியில புண்ணுக்குக் கட்டுப் போடுற நர்சு. இசக்கிமுத்து மாப்பிள்ளை வீட்டுக் கூடத்துல படம் எடுத்தான். கழுவிப் பார்த்தா மாப்பிள்ளை தெளிவா நிக்கிறான். பொண்ணு தலைக்குப் பின்னாடி டியூப்லைட்டு. அந்த வெளிச்சத்துல அவ மூஞ்சியெல்லாம் வெள்ளைப் புகை.

மாமியார் ராக்கம்மா படத்தைப் பார்த்தா. ஊறுகாய் போட்டு விக்கிறவ. வாயும் அதே காரம். பொண்ணைப் பீடை பிடிச்சிருக்குன்னுட்டா. வெள்ளிக்கிழமை மறுவீட்டுக்குப் போறவ அங்கேயே இருந்துக்கட்டும், இந்தப் பக்கம் திரும்பி வரவேண்டாம்னுட்டா. மாப்பிள்ளை அம்மா பேச்சைத் தட்டல.

ம்? சரி.

சேதி இசக்கிமுத்து காதுக்கு வந்துது. லென்சை எடுத்து ஜன்னலுக்கு நேரா பிடிச்சான். உள்ள சிலந்தி வலையாட்டம் நூல் நூலா ஓடியிருக்கு, எதிர் வெளிச்சம் பட்டதும் புகையா பரவுது. கோளாறு பொண்ணுகிட்ட இல்ல, தன்கிட்டன்னு தெரிஞ்சு போச்சு. வெளிய சொன்னா இனி எவன் கூப்பிடுவான்? சொல்லலைன்னா அந்தப் பொண்ணு கதி? சத்தமில்லாம துடைச்சு, வேற படம் எடுத்துக் குடுத்துடலாம்னு நெனச்சான். மூணே நாள் இருக்கு.

செவ்வாய்க்கிழமை, ஹான்னு ஊதி, வேட்டி நுனியால தேய் தேய்னு தேச்சான். போகல. வலை உள்ள இருக்கு, வெளிய தேச்சா? ஊதின ஈரம்தான் மிச்சம்.

புதன்கிழமை, அரிசிப் பானைக்குள்ள புதைச்சான், ஈரத்தை இழுக்கும்னு. எடுத்துப் பார்த்தா தவிட்டுத் தூசி ஒட்டியிருக்கு. வலை அப்படியே.

வியாழக்கிழமை, திறந்துடுவோம்னு முன்பக்க வளையத்துல கை வச்சான். அதைத் திறக்கவே கூடாதுன்னு அப்பா சொல்லியிருந்தாரு. வளையம் வழுக்குது. கையை எடுத்துட்டான்.

தூங்கிட்டியா? ம்.

வெள்ளிக்கிழமை காலையில தவமணி பெட்டி கட்டிட்டா. சாயங்காலம் பஸ்ஸு. அப்போ வாசல்ல வந்து நின்னான் இசக்கிமுத்து. தோள்ல கேமரா தொங்குது. லென்சைப் பையோட நீட்டினான்.

"அக்கா, பீடை பொண்ணு மேல இல்ல. என் கண்ணாடிக்குள்ள. தெரிஞ்சும் மூணு நாளா வாயைத் திறக்கல."

ராக்கம்மா பையை வாங்கி மூக்குகிட்ட வச்சு மோந்தா.

"பூசணம். என் ஜாடியில பூக்குமே, அதே நாத்தம். போட்டோக்காரரே, இதை மூடியேவா வச்சிருந்தீரு?"

ஈரம் படக் கூடாதுன்னுதான்னு இழுத்தான்.

"உள்ள இருந்த ஈரத்தையும் சேத்துப் பூட்டிட்டீரு. திறந்து கழுவணும்."

அப்பா திறக்கக் கூடாதுன்னாரேன்னான்.

"உங்கப்பா ஊறுகாய் போட்டதில்ல."

சொல்லிட்டு, இறுகிப்போன ஜாடி மூடியைத் திருகுறதுக்கு வச்சிருந்த பழைய சைக்கிள் டியூப்புத் துண்டை எடுத்தா. வளையத்துமேல அழுத்தித் திருகினா. அசையல. மறுபடி. கிரீச். மூணாவது திருகுல டக்குன்னு கழண்டுது. இசக்கிமுத்து கண்ணை மூடிக்கிட்டான்.

தவமணி கட்டின பெட்டியை அவுத்துப் புண் கழுவுற மருந்தை எடுத்தா. பஞ்சுல ரெண்டு சொட்டு. புண்ணைத் துடைக்கிற மாதிரி அழுத்தாம, நடுவுலேர்ந்து ஓரத்துக்குத் துடைச்சா. நூலெல்லாம் வந்துடுச்சு. ஓரத்துல மட்டும் மயிரிழை மாதிரி ஒரு தடம். பூசணம் கண்ணாடியைத் தின்ன இடம். அது போகாது.

இசக்கிமுத்து வளையத்தை மாட்டி, அதே டியூப்லைட்டுக்கு முன்னாடி பொண்ணை நிக்க வச்சு ஒரு படம் எடுத்தான். ஓடினான். கழுவினான். பஸ்ஸுக்கு முன்னாடி ஈரப் படத்தோட வந்து நின்னான்.

ராக்கம்மா படத்தை வாங்கிப் பார்த்தா. மூக்குத்தி கூடத் தெரியுதுன்னா. அப்புறம் மருமக பக்கம் திரும்பினா.

"ஞாயித்துக்கிழமை வந்துடு. எலுமிச்சை நறுக்க ஆள் இல்ல."

மன்னிப்பெல்லாம் கேக்கல. அவளுக்கு அவ்வளவுதான் வரும்.

இசக்கிமுத்து தோல் பையைத் தூக்கிப் போட்டான். அப்புறம் லென்சுக்கு இறுக்க மூடுற காஞ்ச ஜாடி. அதுல, மாத்திரை டப்பாக்குள்ள ஈரம் உறிஞ்சக் கிடக்குமே, அந்தப் பொட்டலம் ரெண்டு. மழையானாலும் வாரம் ஒருதரம் எடுத்து வெளிச்சம் காட்டுவான். பூசணம் வரல.

அவ்வளவுதான், ஜாடியை மூடியாச்சு, நீயும் கண்ணை மூடு. என்ன? கடைசியில லென்சைத் திறந்தது யாரா? பீடைன்னு சொன்னாளே, அவதான். ராக்கம்மா.