ஆலங்கொல்லையார் தஞ்சாவூர் பார்த்த விதம்

அறந்தாங்கிக்குத் தெற்கே ஆலங்கொல்லை என்று ஓர் ஊர். ஊர்க்காரர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள், அவர்களிடம் இருந்த ஒரே தொந்தரவு அதுதான். அந்த ஊரில் விவரமான ஆள் என்று பேர் வாங்கியவர் சிங்காரம். மற்றவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

கொழுந்தியாள் கல்யாணப் பந்தியில் சிங்காரத்தின் மச்சான் வைத்திலிங்கம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டுவிட்டார்: "என்ன மாப்பிள்ளை, சோழ ராசா தலைநகரம் இந்தா இருக்கு. தஞ்சாவூரைப் பார்க்காமலேயா இம்புட்டு வயசு ஓட்டிட்டீங்க?"

பந்தியே சிரித்தது. சிங்காரம் ரசம் சாதத்தைப் பாதியில் விட்டு இலையை மூடினார். வீட்டுக்கு வந்ததும் அவர் மனைவி பொன்னுத்தாயி தீர்மானமாகச் சொன்னாள். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணன் நம்ம வீட்டுக்கு வருது. அதுக்குள்ள நீங்க தஞ்சாவூரைப் பார்த்திருக்கணும். இல்லேன்னா பொறந்த வீட்டுப் பக்கம் நான் தலை காட்ட முடியாது."

சிங்காரம் தன் கூட்டாளிகள் மூன்று பேரையும் திரட்டினார். உலகப்பனுக்கு ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. மருதையா போட்டிருந்த கண்ணாடி சோடா பாட்டில் அடிப்பாகம் மாதிரி இருக்கும். தைலப்பனுக்குப் பார்வையில் கோளாறு எதுவும் இல்லை, கோளாறெல்லாம் அதற்கு மேலேதான். நால்வரும் யோசனை கேட்கப் போன இடம், கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற ரெங்கசாமியின் வீடு.

ரெங்கசாமி வெற்றிலை மென்றுகொண்டே சொன்னார்: "தஞ்சாவூர் என்ன பிரமாதம்? காலையில முதல் பஸ்ஸைப் பிடிங்க. மூட்டை முடிச்செல்லாம் வேண்டாம், கையை வீசிக்கிட்டுப் போங்க. பஸ் ஸ்டாண்டுலேர்ந்து பெரிய கோயிலுக்குக் கண்ணை மூடிக்கிட்டே போயிடலாம்."

அன்றைக்கே களத்துமேட்டில் ஆலோசனைக் கூட்டம்.

"கையை வீசணும்னா ஒரு கையா, ரெண்டு கையா?" என்றார் மருதையா.

"கையைன்னுதான் சொன்னாரு. கைகளைன்னு சொல்லலை" என்றார் தைலப்பன்.

"அப்ப வலது கையை வீசுவோம். இடது கை மரியாதையா இருக்காது" என்று சிங்காரம் முடித்து வைத்தார். மூன்று நாள் ஒத்திகை நடந்தது. களத்தில் காய்ந்த நெல்லைக் கொத்த ஒரு காக்காய்கூட வரவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாமலும் முதல் பஸ் வந்து நின்றது. நாலு பேரும் ஓடிப்போய் அதைப் பிடித்துக்கொண்டார்கள். சிங்காரம் முன் கம்பியை, உலகப்பன் ஜன்னலை, மற்ற இருவரும் பின் ஏணியை.

"ஏறுங்கய்யா" என்றார் கண்டக்டர்.

"ஏறச் சொல்லலைங்க. பிடிக்கத்தான் சொன்னாங்க" என்றார் சிங்காரம் பணிவாக.

கண்டக்டர் விசில் ஊதினார். ஊர் எல்லை வரைக்கும் நால்வரும் பஸ்ஸோடு ஓடினார்கள். வேட்டி அவிழும் கட்டத்தில், இந்த ஊர் ஆட்களை ஏற்கெனவே அறிந்த டிரைவர் வண்டியை நிறுத்தி, "பிடிச்சது போதும், இப்ப ஏறுங்க" என்றார். அப்படித் தெளிவாகச் சொன்னால் யார்தான் கேட்க மாட்டார்கள்?

உள்ளே போனதும் வீசத் தொடங்கினார்கள். ஒரு கூடை கத்திரிக்காய் கவிழ்ந்தது. ஒரு பெரியவரின் பல்செட் முன் சீட்டுக்குப் போனது. பட்டுக்கோட்டை வருவதற்குள் அவர்களைச் சுற்றி ஆறு சீட் காலி. "தஞ்சாவூர் போறவங்களுக்கு எவ்வளவு மரியாதை பாரு" என்று மருதையா நெகிழ்ந்துபோனார்.

தஞ்சாவூரில் இறங்கியதும் நால்வரும் கண்ணை இறுக மூடி, ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டு நடந்தார்கள். முன்னால் சிங்காரம். அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் நடுக்கம்தான், ஆனால் அனுபவஸ்தர் சொன்ன வழியாயிற்றே. பார்த்தவர்களுக்கு மனசு தாங்கவில்லை. போலீஸ்காரர் ஒருவர் லாரிகளை நிறுத்தி வழிவிட்டார். ஒரு காலேஜ் பெண் சிங்காரத்தின் கையைப் பிடித்துப் பாலத்தைத் தாண்டி அழைத்துப்போய்ச் சரியாகக் கோயில் வாசலில் விட்டாள்.

"ரெங்கசாமி அண்ணன் லேசுப்பட்ட ஆள் இல்லை" என்றார் தைலப்பன்.

வாசலில் பூ விற்ற அம்மாள் உச்சுக் கொட்டினாள். "கோயில் வந்துருச்சுய்யா. இதைப் பார்க்க ரெண்டு கண்ணு பத்தாதும்பாங்க. உங்களுக்கு ஒண்ணுகூட இல்லையே."

கண்ணைத் திறக்கப்போன நால்வரும் அப்படியே நின்றார்கள்.

"ரெண்டு பத்தாதாமே" என்றார் சிங்காரம்.

"நம்மகிட்ட மொத்தம் எட்டு இருக்கு. ஆளுக்கு நாலுன்னா ரெண்டு பேர் பார்க்கலாம். மத்த ரெண்டு பேர் கண்ணை இரவல் கொடுக்கணும்" என்றார் மருதையா. கணக்கில் அவர் புலி.

"அப்ப நான் பார்க்கிறேன். மச்சான் கேட்டது என்னைத்தான்" என்றார் சிங்காரம்.

உலகப்பன் தொண்டையைச் செருமினார். "எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனா என் கண்ணு ஒண்ணு பழுது. மருதையா கண்ணு ரெண்டுமே பழுது. பழுதான சாமானை இரவல் கொடுக்கிறது முறையா? நல்ல கண்ணு உன்னுதும் தைலப்பனுதும்தான்."

நியாயம் எதிர்ப்பக்கம் இருந்தது. சிங்காரம் கண்ணிரண்டையும் உள்ளங்கையில் வழித்து, சிந்தாமல் உலகப்பன் கையில் கொடுத்தார். தைலப்பன் தன்னுடையதை மருதையாவிடம் கொடுத்தார். வாங்கிக்கொண்டவர்கள் கண்ணைத் திறந்து உள்ளே போக, கொடுத்தவர்கள் மூடிய கண்ணோடு செருப்புகளுக்குக் காவலாக வாசலில் உட்கார்ந்தார்கள்.

ஒன்றரை மணி நேரம் கழித்து அவர்கள் வெளியே வந்தார்கள்.

"எப்படி இருந்துச்சு?" என்றார் சிங்காரம் ஆவலாக.

"பெருசா இருந்துச்சு."

"எம்புட்டுப் பெருசு?"

உலகப்பன் நிதானமாக யோசித்தார். "கோயில் அளவுக்கு இருந்துச்சு. நந்திகூட இருந்துச்சு, அது நந்தி அளவுக்கு."

திரும்பும் பஸ்ஸில் கண்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். தைலப்பன் வழியிலேயே மகள் ஊரில் இறங்கிக்கொண்டார், திரும்ப மூன்று நாள் ஆகும். பஸ் கிளம்பிய பிறகுதான் உலகப்பன் முகம் மாறியது.

"சிங்காரம், ஒரு தப்பு நடந்துபோச்சு. உன் கண்ணை நான் தைலப்பன்கிட்ட கொடுத்துட்டேன். உனக்கு மருதையா கொடுத்தது தைலப்பன் கண்ணு."

வீட்டில் வைத்திலிங்கம் காத்திருந்தார். "தஞ்சாவூர் பார்த்தாச்சா மாப்பிள்ளை?"

"என் கண்ணு பார்த்துச்சு மச்சான். நான்தான் கூடப் போகலை."

வைத்திலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஏழு மணி பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார். தன் வீட்டுக்காரர் ஜெயித்துவிட்டார் என்று பொன்னுத்தாயி பூரித்துப்போனாள். சோறு போட வந்தவள் கவனித்தாள், சிங்காரம் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

"ஏன் என்னைப் பார்க்க மாட்டேங்கிறீங்க?"

"இது தைலப்பன் கண்ணு" என்றார் சிங்காரம். நடந்ததை எல்லாம் சொன்னார்.

பொன்னுத்தாயி பதறிப்போய் முந்தானையை முகம் மறைய இழுத்துவிட்டுக்கொண்டாள். மூன்று நாளும் அப்படியேதான் பரிமாறினாள். தைலப்பன் ஊர் திரும்பி வீட்டுக்குப் போய்விட்டார் என்று தெரிந்த மூன்றாம் நாள் சாயங்காலம் மட்டும் முக்காட்டுக்குள்ளிருந்து மெல்லக் கேட்டாள்:

"ஏங்க, உங்க கண்ணு இப்ப தைலப்பன் வீட்டுலதானே இருக்கு? அங்கே அது யாரைப் பார்த்துக்கிட்டிருக்கு?"