முள்ளியின் கிழங்குக் கடையும் கூலித் தவளைகளும்

ஒரு காட்டில் முள்ளி என்ற முள்ளம்பன்றி கிழங்குக் கடை வைத்திருந்தது. கடித்தால் மாவாக உதிரும், அப்படிப்பட்ட கிழங்கு! ஆனால் கடை இருந்ததோ ஈச்சம்புதருக்குப் பின்னால். ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்காது.

அந்தக் காட்டில் யாருக்கு எது வேண்டுமானாலும் நாவல் மரத்து மரங்கொத்தியிடம்தான் கேட்பார்கள். அது மரத்தை 'டொக் டொக்' என்று தட்டிவிட்டு ஒரு கடைப் பெயரைச் சொல்லும். மந்திரமெல்லாம் ஒன்றுமில்லை. நாள் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எந்தப் பெயர் அதிக வாயில் அடிபடுகிறதோ, அதை முதலில் சொல்லும். கிழங்கு என்று கேட்டால் அது கரடி கடையைத்தான் சொன்னது. முள்ளிக்கு வயிறு எரிந்தது.

"ஏன்க்கா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே?" என்று கேட்டபடி வந்தது ஓணான். ஊர் வேலையெல்லாம் தன் தலையில் போட்டுக்கொள்கிற ஆசாமி அது.

"யாரும் வரலைடா. இப்படியே போனா கடையை மூடிட்டு மலைக்கு அந்தப்பக்கம் போக வேண்டியதுதான்."

"அட, இவ்வளவுதானா? குளத்துத் தவளைங்களைக் கூலிக்குப் பிடி! நீ தோண்டும்போது வர்ற புழுவைக் கொடு, உன் பேரைக் கத்துவாங்க. மரங்கொத்திக்கு ஊரே பேசுற மாதிரி கேட்கும்!"

"கிழங்குன்னு கத்தச் சொல்லட்டுமா?"

"கிழங்கு மட்டும் எதுக்கு? மீன், தேன், தண்ணி, எல்லாத்தையும் சேர்த்துக்கோ!"

"என்கிட்ட மீன் இல்லையேடா!"

"அது வந்தப்புறம்தானே தெரியும்? வந்தவன் சும்மாவா போவான்?" என்று ஓணான் தலையை ஆட்டியது. கூடவே முள்ளியும் ஆட்டியது. புத்தி எங்கே போயிற்றோ!

அன்றே குளம் அதிர்ந்தது. "முள்ளி கடைக் கிழங்கு! முள்ளி கடை மீன்! முள்ளி கடைத் தண்ணி!" தண்ணீருக்குள் உட்கார்ந்துகொண்டு, தண்ணீர் வேறெங்கோ இருப்பதாகக் கத்தின அந்தத் தவளைகள். தட்டிக் கேட்க ஆளில்லை.

மரங்கொத்தி அசந்துபோய், எதைக் கேட்டாலும் முள்ளி கடை என்றது. கூட்டம் அலைமோதியது. மீன் தேடி வந்த நீர்நாய் கிழங்கைப் பார்த்துத் திட்டிவிட்டுப் போனது. முள்ளி கண்டுகொள்ளவில்லை.

பிறகு ஒரு நாள், நல்ல வெயிலில், அந்தக் காட்டுக்குப் புதிதான ஒரு யானை தன் குட்டியோடு வந்தது. குட்டிக்கு நாக்கு வறண்டு கால் பின்னியது.

"தண்ணி எங்கேம்மா? மரங்கொத்தி உன் கடையைத்தான் சொல்லுச்சு" என்றது யானை.

முள்ளி விழித்தது. "தண்ணி... இல்லை. கிழங்கு இருக்கு. ஈரமாத்தான் இருக்கும்."

குட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டது. முள்ளி கடைக்குள் ஓடியது. இருந்த ஈரக் கிழங்கையெல்லாம் அள்ளி அதன் வாயில் ஊட்டியது. மெல்ல மெல்லக் குட்டி எழுந்தது. யானை நேராக நாவல் மரத்துக்குப் போய்ப் பிளிறியதில் பழமெல்லாம் உதிர்ந்தது.

மரங்கொத்தி பறந்து போய்க் குளத்தைப் பார்த்தது. ஊரே பேசவில்லை, புழுவுக்காகத் தவளைகள்தான் கத்திக்கொண்டிருந்தன. அவ்வளவுதான்! அதன்பின் யார் கேட்டாலும், "முள்ளியா? அப்படி ஒரு கடையே கிடையாது!" என்றது. கிழங்கைக் கேட்டாலும் அதே பதில். கடை வெறிச்சோடியது. கிழங்குகள் முளைவிட ஆரம்பித்தன.

"கவலையே படாதே அக்கா! வேஷத்தை மாத்திக்கோ!" என்றது ஓணான். முள்ளையெல்லாம் சேறு பூசிப் படிய வைத்தது. இரண்டு எருக்கிலையைக் காதாகக் கட்டிவிட்டது. முள்ளி அதையும் கூட்டிக்கொண்டு நாவல் மரத்தடிக்குப் போய், "ஐயா, நான் முயல். புதுசாக் கிழங்குக் கடை போட்டிருக்கேன்" என்றது.

"அப்படியா முயலே? எங்கே, ஒரு தாவு தாவு!"

முள்ளி தாவியது. சேறு உதிர்ந்தது. முள்ளெல்லாம் சிலிர்த்து நின்றது. ஒரு முள் பக்கத்தில் ஒட்டி நின்ற ஓணான் வாலில் குத்தியது! "ஐயோ அம்மா!" என்று ஓடிய ஓணான் திரும்பிப் பார்க்கவே இல்லை.

முள்ளி அங்கேயே உட்கார்ந்து அழுதது. "தப்புப் பண்ணிட்டேங்க. அந்தக் குட்டி முகம் கண்ணுக்குள்ளயே நிக்குது. என்ன செய்யணும், சொல்லுங்க."

"உன் பேரைப் பொய்யாக் கத்துற ஒரு வாய்கூட இருக்கக் கூடாது. அப்புறம் வா, பார்க்கலாம்."

முள்ளி குளத்துக்கு ஓடியது. "போதும், நிறுத்துங்க!"

"முடியாதுக்கா! ராகம் பிடிச்சிடுச்சு! வாய் தானாப் பாடுது!" என்றன தவளைகள். கெஞ்சிப் பார்த்தது, மிரட்டிப் பார்த்தது. ஹூம்! கடைசியில் முள்ளி சொன்னது: "சரி, கத்துங்க. ஆனா இனிமே உள்ளதைக் கத்துங்க. நீங்க உட்கார்ந்திருக்கிறது எதுல?"

தவளைகள் குனிந்து பார்த்தன. "அட, தண்ணியில!"

"அதைச் சொல்லுங்க!"

"தண்ணி! இங்கே தண்ணி!" என்று அதே ராகத்தில் குளம் முழங்கியது. முள்ளியின் பெயர் அதில் இல்லை.

அந்தச் சத்தம் கேட்டு யானையும் குட்டியும் வந்து வயிறு முட்டக் குடித்தன. கரையில் முள்ளியைப் பார்த்ததும் குட்டி, "அம்மா, அன்னிக்குக் கிழங்கு ஊட்டினாங்களே, அந்த முள்ளி அத்தை! எனக்கு இன்னொரு கிழங்கு வேணும்!" என்று கூவியது. கூலி வாங்காத வாய் அது. நாவல் மரம் வரை கேட்டது.

மறுநாள் ஒரு காட்டுப்பன்றி கிழங்கு கேட்டு வந்தது. மரங்கொத்தி கொஞ்சம் யோசித்தது. 'டொக் டொக்' என்று தட்டியது. "முதல்ல கரடி கடை. அப்புறம்... ஈச்சம்புதருக்குப் பின்னால முள்ளி கடைன்னு ஒண்ணு இருக்கு."

இரண்டாவது பெயர்தான். முள்ளிக்கு அதற்கே கண் கலங்கிவிட்டது.

இல்லாததைக் கூலிக்குக் கத்த வைத்தால் இருக்கிற நல்ல பெயரும் போய்விடும். போன பெயர் திரும்ப வேண்டுமானால், கிளப்பிவிட்ட பொய்யை நம் கையாலேயே நிறுத்த வேண்டும்.