கழுகுக்குக் குறித்துக் கொடுத்த மரங்கொத்தி

காட்டோரப் புல்வெளியில் இரண்டு குதிரை மந்தைகள் இருந்தன. கோடை வந்தால் ஆற்றங்கரையில் மட்டுமே பசும்புல் மிஞ்சும். அது இரண்டு மந்தைக்கும் போதாது. சண்டை போட்டுக் காலை ஒடித்துக்கொள்வானேன் என்று ஆண்டுதோறும் ஒரு போட்டி வைத்தன. வட்டமடிக்க வேண்டும், நின்ற இடத்தில் சுழல வேண்டும், பாய்ந்து வந்து சறுக்கி நிற்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண் வரை உண்டு. ஜெயித்த மந்தைக்குக் கரை.

கழுகுதான் நடுவர். குதிரையை விட்டுக் கண்ணை எடுக்காது. மதிப்பெண்ணை ஒரே தடவை, மெல்லச் சொல்லும். பக்கத்தில் இருப்பவர் குறித்துக்கொள்ள வேண்டும்.

“நான் வருகிறேன் ஐயா,” என்று மரங்கொத்தி தானாக முன்வந்தது. என்ன நல்ல மனசு என்று காடே மெச்சியது. கழுகின் கிளையிலிருந்து போட்டி நன்றாகத் தெரியும் என்பதுதான் அதன் ஆசை!

பாவம், ஒன்றையும் பார்க்க முடியவில்லை. கழுகு “நான்கு” என்றால் மரப்பட்டையில் நான்கு கொத்து. கொத்தி நிமிர்வதற்குள் அடுத்தது வந்துவிடும். ஒரு மந்தையின் செவலைக் குதிரை ஓடி முடித்தபோது பதின்மூன்று கொத்து இருந்தது.

அடுத்து மற்ற மந்தையின் சாம்பல் குதிரை வந்தது. அதன் மந்தையில் அந்த ஆண்டு மூன்று குட்டிகள். வட்டத்துக்கு ஐந்து, சுழற்சிக்கு நான்கு வாங்கிவிட்டது. கடைசியாகப் பாய்ந்து வந்தபோது மரங்கொத்தியால் பொறுக்க முடியவில்லை, தலையைத் தூக்கிவிட்டது. புழுதி பறக்க, பின்னங்காலில் சறுக்கி, குதிரை அப்படியே நின்றது. மரங்கொத்தி சொக்கிப்போனது. கழுகு சொன்னது காதில் விழவில்லை.

கீழ்க்கிளை அணில் கிசுகிசுத்தது: “ஐந்து கொத்திவிடு அக்கா. அப்படி நின்றதற்கு ஐந்து தராமலா இருப்பார்? யாருக்குத் தெரியப்போகிறது?”

அலகு பட்டை வரை போய் நின்றது. பார்ப்பது கழுகின் வேலை, கேட்பதுதான் தன் வேலை.

“ஐயா, வேடிக்கை பார்த்துவிட்டேன். கடைசி மதிப்பெண்ணைக் கேட்கவில்லை. மறுபடி சொல்கிறீர்களா?”

“சொன்னதுமே மறந்துவிடுவேன். நினைவில் வைத்திருந்தால் அடுத்ததைப் பார்க்க முடியாது. அதற்குத்தானே நீ,” என்றது கழுகு. “குதிரை மறுபடி ஓட வேண்டியதுதான். போய் நீயே சொல்.”

எல்லாரும் கேட்க மரங்கொத்தி தன் தவறைச் சொன்னது. சாம்பல் குதிரைக்கு மூச்சு வாங்கியது. “மறுபடியுமா? எதை வேடிக்கை பார்த்தாய்?”

“உன்னைத்தான்.”

குதிரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தண்ணீர் குடித்து, இளைப்பாறி, மறுபடி பாய்ந்தது. மரங்கொத்தி இந்த முறை தலை நிமிரவில்லை. குளம்புச் சத்தம் கேட்டது. புழுதி முதுகில் படிந்தது. “ஐந்து,” என்றது கழுகு. ஐந்து கொத்து விழுந்தது.

பதினான்கு. செவலையின் கூட்டத்தார் கொதித்தார்கள். “பட்டையைக் காட்டு! எண்ணிப் பார்க்க வேண்டும்!”

செவலை அவர்களைத் தடுத்தது. “எண்ணவே வேண்டாம். தன் தப்பை இத்தனை பேர் முன்னால் சொன்னவள் கொத்தியது இது. வாருங்கள், போகலாம்.”

மரங்கொத்தி கிளையிலிருந்து இறங்கி வந்து, தோற்ற குதிரைக்குத் தலை தாழ்த்தி நன்றி சொன்னது.

எல்லாரும் போன பிறகு சாம்பல் குதிரை மரத்தடிக்கு வந்தது. “எங்கள் குட்டிகளுக்குப் புல் நேர்மையாகக் கிடைத்தது. அது உன்னால்தான். இப்போது குறிக்க ஒன்றுமில்லை, நன்றாகப் பார்,” என்று சொல்லிவிட்டு, மரங்கொத்திக்காகவே இன்னொரு முறை பாய்ந்து வந்து சறுக்கி நின்றது.

தன் பிழையைத் தானே ஒப்புக்கொள்பவர் எழுதியதைத் தோற்றவரும் நம்புவார்.