பத்து அலகுக் கணக்கு

ஆற்றின் வடகரையில் நூறு புள்ளிமான்கள் இருந்தன. ஆண் மான்கள் நாற்பது, பெண் மான்கள் அறுபது. அந்தக் கரையில் புல் முழுதும் காய்ந்துவிட்டது. எதிர்க்கரையில் பச்சைப் புல் அசைவதைத் தவிட்டி என்ற பெண் மானும் அவள் தங்கை சிறுகாதியும் தினமும் பார்த்து ஏங்கினார்கள்.

நடுவே ஓடிய ஆறு பொல்லாதது. கால் தரையை விட்டால் நேரே அருவியில் போய் விழவேண்டியதுதான். மேற்கே மூன்று நாள் நடந்தால் தண்ணீர் முழங்காலளவுதான் இருக்கும்.

“மூன்று நாள் பட்டினி நடையா? இங்கேயே இறங்கலாம்,” என்றான் தலைவன் கவைக்கொம்பன். “கொக்கய்யா, ஆழம் என்ன?”

கொக்கு எதையும் தன் அலகால்தான் அளக்கும். ஒரு நாணலை ஆற்றில் ஊன்றி எடுத்து, நனைந்த மட்டும் அளந்தது. “ஒன்பது அலகு. இனி உங்கள் முகவாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்ப்போம்.”

மான்கள் உப்பு நக்க வரும் பாறையருகே ஒரு மருதமரம் நின்றது. கொக்கு ஒவ்வொரு மானாக அதன் பக்கத்தில் நிறுத்தி, முகவாய் மட்டத்தில் பட்டையைக் கொத்தி அடையாளம் வைத்தது. ஆண்கள் நக்கி முடித்த பிறகே பெண்கள் பாறைக்குப் போவது அந்தக் கூட்டத்தின் வழக்கம். பெண்களின் முறை வந்தபோது கொக்கு மீன் பிடிக்கப் போய்விட்டது.

மறுநாள் அது மரத்தைக் காட்டி விளக்கியது. “பத்து அலகு உயரத்தில் அடையாளங்கள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. மேலும் கீழும் போகப் போக அருகிவிடுகின்றன. உயரம் இப்படித்தான் பரவும். அரை அலகு கூடக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அடங்கிவிடும். ஓர் அலகு கூடக்குறைய நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து. மிச்சம் ஐந்தில் பாதி நெட்டைகள். ஆகவே முகவாய் ஒன்பது அலகுக்குக் கீழே இருந்து முழுகப்போவது நூற்றுக்கு இரண்டோ மூன்றோதான்.”

“இரண்டு மூன்று பேருக்காக நூறு பேர் நடக்கமுடியாது,” என்றான் கவைக்கொம்பன்.

தவிட்டி முன்னே வந்தாள். “கொக்கய்யா, எங்களை நீங்கள் அளக்கவே இல்லையே? நாங்கள் குட்டையாயிற்றே.”

“நீயும் புள்ளிமான்தானே அம்மா?”

“என் தங்கையைப் பாருங்கள். அவள் தலைவருடைய தோளுக்குக்கூட வரமாட்டாள்.”

“ஒருத்தியை வைத்துக் கணக்கு மாறாது.”

“பயந்தவள் இங்கேயே நிற்கட்டும். செந்நாய்களுக்குத் துணை வேண்டுமில்லையா?” என்று ஓர் ஆண் மான் கேட்டது. மற்றவை சிரித்தன.

கூட்டம் இறங்கியது. பின்தங்கினால் செந்நாய்கள் கிழித்துவிடும் என்பது தவிட்டிக்குத் தெரியும். தங்கையை நீர் வரும் மேற்புறம் விட்டு, தான் கீழ்ப்புறம் அணைத்துக்கொண்டு இறங்கினாள். தண்ணீர் தவிட்டியின் உதடுவரை வந்தது.

“அக்கா, தரை தட்டவில்லை,” என்றாள் சிறுகாதி.

“என்மேல் சாய்ந்துகொள்.”

சிறுகாதி சாய்ந்தாள். வெள்ளம் அவளைத் தவிட்டியின் முதுகுக்கு மேலாக உருட்டிக்கொண்டு போனது. அவளுக்கு முன்னும் பின்னும் பெண் மான்கள் அருவியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன.

தென்கரையில் ஆண்கள் முப்பத்தொன்பது பேர் ஏறினார்கள். பெண்கள் இருபத்தெட்டுப் பேர்தான் ஏறினார்கள். பச்சைப் புல்லில் யாரும் வாய் வைக்கவில்லை.

“இரண்டோ மூன்றோ என்றீர்களே,” என்றாள் தவிட்டி.

கொக்கு ஆண் மான்களை ஒருமுறை எண்ணியது. “நான் அளந்தது நாற்பது பேரை. அதில் ஒருவன்தான் போயிருக்கிறான். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, அம்மா.”

தவிட்டி அருவியின் இரைச்சல் கேட்காத இடம் தேடி நடந்தாள். அந்தக் கரையில் அப்படி ஓர் இடம் இல்லை.

சிலரை மட்டும் அளந்துவிட்டு எல்லோருக்கும் விதி எழுதும் கணக்கு, எவ்வளவு சரியாகப் போட்டாலும் அளக்கப்படாதவர்களின் உயிரைக் குடிக்கும்.