மூன்று பேர் தின்ற பாதி லட்டு

ஒரே ஒரு ஊராம். புத்தி வந்து அந்த ஊர்க் கதவைத் தட்டிய அன்றைக்கு எல்லாரும் பக்கத்து ஊர்க் கோயில் கொடைக்குப் போயிருந்தார்களாம். அன்றிலிருந்து புத்தி இல்லாமலேயே நல்லபடியாக நடந்து வருகிற ஊர். பெயர் கொக்கலாங்குளம்.

அந்த ஊர் உச்சிமாகாளிக்குச் சர்க்கரை வந்தது. மூவரும் எதையும் சேர்ந்தே செய்கிறவர்கள் என்பதால் கூட்டாளிகள் சுடலையாண்டிக்கும் பட்டமுத்துவுக்கும் வந்தது. வந்த நேரம்தான் சரியில்லை. மறுநாள் உச்சிமாகாளியின் தங்கை மகள் சந்தனமாரிக்குக் கல்யாணம். தாய்மாமன் கைப்பிடித்து மணவறைக்குக் கூட்டிவந்தால்தான் அந்த வீட்டில் தாலி ஏறும். பிள்ளை தவழ்ந்த நாளிலிருந்து உச்சிமாகாளி அந்த நடைக்காகக் காத்திருந்தார்.

"கல்யாண வீட்ல எப்படிம்மா வாயக் கட்டுறது?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டார்.

"கட்ட வேண்டாம்யா. எது வச்சாலும் பாதி மட்டும் சாப்பிடுங்க. மீதியைப் பக்கத்துல இருக்கவங்களுக்குக் குடுத்துருங்க."

இவ்வளவு சுலபமா என்று மூவரும் அவரைக் கும்பிட்டுவிட்டு வந்தார்கள்.

காலையில் பந்தலுக்குள் நுழைந்ததுமே தங்கை செல்லக்கிளி பிடித்துக்கொண்டாள். "அண்ணே, சட்டுன்னு சாப்பிட்டு வா. இலையில துளி மிச்சம் வச்சிட்டு எந்திரிச்சிராத. மாப்பிள்ளை வீட்டாளுக பாத்துக்கிட்டே இருக்காக."

உச்சிமாகாளி இரண்டு சொல்லையும் மனசில் முடிந்துகொண்டு, பந்தலின் ஓரத்தில் கூட்டாளிகளோடு பாயில் உட்கார்ந்தார். முதலில் ஆளுக்கொரு லட்டு விழுந்தது. உச்சிமாகாளி பாதியைத் தின்று மீதியைச் சுடலையாண்டிக்குக் கொடுத்தார். சுடலையாண்டி தன்னுடையதில் பாதியைப் பட்டமுத்துவுக்குக் கொடுத்தார். பட்டமுத்து கையில் பாதியோடு அப்படியே இருந்தார்.

"எனக்குப் பக்கத்துல பந்தக்கால்தான்வே இருக்கு. அதுக்குக் குடுக்கவா?"

"அதுக்குச் சர்க்கரை இருக்கா இல்லையான்னு தெரியாம எப்படிக் குடுக்கது?" என்றார் சுடலையாண்டி.

யோசித்தார்கள். பிறகு இலையைத் தூக்கிக்கொண்டு வட்டமாகத் திரும்பி உட்கார்ந்தார்கள். இப்போது எல்லாருக்கும் பக்கத்தில் ஆள் இருந்தது.

லட்டு சுற்ற ஆரம்பித்தது. கொடுத்தது போக, வந்தது இலையில் இருந்தது. அதிலும் பாதியைத் தின்று பாதியைக் கொடுத்தார்கள். மறுபடியும் வந்தது. இட்லிக்காரரும் வடைக்காரரும் வந்து, நின்று, பார்த்து, போனார்கள். இப்படியாக ஆளுக்கு ஏறக்குறைய ஒரு முழு லட்டு வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்தது. ஆனால் ஒருத்தரும் எதிலும் பாதிக்கு மேல் தொடவில்லை.

"வைத்தியம் நல்லா கேக்குது," என்றார் உச்சிமாகாளி. "லட்டு தின்ன மாதிரியே இருக்கு."

கடைசியில் ஆளுக்கொரு துணுக்கு நின்றது. மூன்றையும் ஒன்றாக உருட்டினால் வேலை குறையும் என்று பட்டமுத்து சொன்னார். உருட்டி உச்சிமாகாளி இலையில் வைத்தார்கள். அவர் நகத்தால் கீறிப் பாதியைத் தின்றார். மீதி சுற்றிவந்தது. கடுகளவு ஆனது. அதற்கும் பாதி இருந்தது.

அடுத்த பந்திக்காரர்கள் பின்னால் நின்று தொண்டையைச் செருமினார்கள். செல்லக்கிளி ஓடிவந்தாள்.

"அண்ணே, ஐயர் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்ட கட்டிப்போச்சு. எந்திரி."

"இலையில இருக்கேம்மா."

"என்ன இருக்கு?"

"பாதி."

"அதத் தின்னுட்டு வாயேன்."

"தின்னா அதுல பாதி இருக்குமே தாயி," என்றார். ஒரு பக்கம் உடம்பு, ஒரு பக்கம் மானம், நடுவில் சந்தனமாரி. பொறுத்துப் பார்த்த சந்தனமாரி மாலையும் கழுத்துமாகப் பந்திக்கே வந்து கையை நீட்டினாள். "மாமா, முகூர்த்தம் தப்பப் போவுது."

அந்த நேரம் பார்த்து ஒரு கட்டெறும்பு இலையில் ஏறி, துணுக்கைத் தூக்கிக்கொண்டு இறங்கியது. இலை சுத்தம். உச்சிமாகாளி எழுந்து மருமகள் கையைப் பிடித்தார். மறு நொடியே முகம் மாறிவிட்டது.

"ஏ பட்டமுத்து, அது முழுசையும்லா தூக்கிட்டுப் போவுது."

"அதுகிட்ட யாரும் சொல்லலையே," என்றார் பட்டமுத்து.

எறும்பு மணவறைப் பக்கம் போனது. உச்சிமாகாளி சந்தனமாரியின் கையை விடாமல், தரையை விட்டுக் கண்ணையும் எடுக்காமல், அதன் பின்னாலேயே நடந்தார். எறும்பு நின்றால் நின்றார். நாகஸ்வரக்காரர் பார்த்துவிட்டு ராகத்தை இழுத்துக் கொடுத்தார். கூட்டாளிகள் இருவரும் தலை குனிந்து பின்னால் வந்தார்கள்.

"தாய்மாமன்னா இப்படிலா இருக்கணும்," என்றார் மாப்பிள்ளையின் பெரியப்பா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "என்ன அடக்கம், என்ன ஒடுக்கம்."

மருமகளை மணவறையில் உட்கார்த்திவிட்டு மாமன் நிற்காமல் பின்பக்கமாக இறங்கிப் போனதை, ஆனந்தக் கண்ணீரை மறைக்கத்தான் என்று எல்லாரும் நினைத்தார்கள். கெட்டிமேளம் கொட்டியது, தாலி ஏறியது, பெண்ணும் மாப்பிள்ளையும் காரில் போனார்கள். சமையல்காரர்கள் அண்டாவை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

பந்தலுக்குப் பின்னால் வேலியோரம் மூன்று பேர் குனிந்து நின்றார்கள். எறும்பு புற்று வாசலுக்கு வந்துவிட்டது. அங்கே எறும்புகளின் ஊரே திரண்டு நின்றது.

"இத்தனை பேருக்கும் பாதி பாதியாக் குடுத்து எப்ப முடிய?" என்றார் சுடலையாண்டி. பார்க்க மனமில்லாமல் அவர் நடந்தார். பட்டமுத்துவும் நடந்தார்.

உச்சிமாகாளி மட்டும் இன்னும் கொஞ்சம் நின்று பார்த்தார்.

"பாவம். இவங்க வீட்ல இன்னைக்குத் தாலி ஏறாது," என்று உச்சுக்கொட்டிவிட்டு அவரும் நடந்தார்.