வேங்கை வாயடைத்த கதை

அந்தக் காலத்தில் மரங்களுக்கு வாய் இருந்தது. கொஞ்சநஞ்ச வாய் இல்லை. கூனிமலையில் பொழுது விடிந்தால் சந்தைக்கடை தோற்றுப்போகும். நெல்லிக்கு யாரையாவது குறை சொல்லியாக வேண்டும். ஈட்டி மரம் தன் வயதைப் பற்றி ஆரம்பித்தால் மத்தியானம் வரை நிறுத்தாது. மூங்கில் கூட்டத்தில் ஒருத்தி தொடங்கிய பேச்சை இன்னொருத்தி முடிப்பாள், மூன்றாமவள் அதையே முதலிலிருந்து மறுபடி சொல்வாள்.

கூனிமலையின் முதுகுக்கு மேற்கே மழைப்பக்கம், கிழக்கே வெயில்பக்கம். மேகம் தன்னிடம் இருந்ததையெல்லாம் மேற்கே கொட்டிவிட்டு, முகட்டைத் தாண்டும்போது வெறுங்கையோடு வந்து நிற்கும். மேற்கே பூவாத்தா என்றொரு வேங்கை மரம் இருந்தாள். கிழக்கே அவள் தங்கை செவத்தா. ஒரே தாயின் விதைகள்தான், காற்று ஆளுக்கொரு பக்கம் எறிந்துவிட்டது. பூவாத்தா பத்து வருடத்தில் வானத்தைத் தொட்டாள். செவத்தா முப்பது வருடம் கல்லோடு மல்லுக்கட்டி, பாதி உயரத்தில் நின்றாள். அங்கிருந்து அக்கா, "என்னடி, இன்னும் எந்திரிக்கவே இல்லையா?" என்று முகட்டுக்கு மேலாகக் கேட்பாள். "நீ குளிச்ச தண்ணியாவது மிச்சம் வந்தாத்தானே எந்திரிக்க," என்பாள் இவள்.

மரங்களுக்கு அன்று ஒரு வழக்கம் இருந்தது. விதை முற்றி, மாசிக் காற்று வருவதற்கு முன்னால், தாய் தன் விதைகளைக் கூப்பிட்டு வாய்விட்டுச் சொல்லி அனுப்புவாள். எந்த மழைக்கு எழுவது, எப்போது இலையைக் கொட்டுவது, எவ்வளவு தூரம் வேர் இறக்குவது, எல்லாம் அதில் இருக்கும். பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் விதை பறக்கும். கேட்காமல் போனது எதுவும் பிழைத்ததில்லை.

பூவாத்தா சொல்வது சுருக்கமாக இருக்கும். முதல் துளி பட்டதும் கிளம்பு, பக்கத்தில் இருப்பவனை முந்து, வேரைப் பார்க்காதே, வெளிச்சத்தைப் பார். அவள் பக்கத்தில் அதுதான் சரி. அங்கே தாமதித்தால் மற்றவன் நிழல் மூடிவிடும்.

செவத்தா சொல்வது நீளம். சித்திரையில் ஒரு மழை வரும், நம்பாதே. ஆனியில் முகட்டைத் தாண்டிச் சாரல் விழும், அதையும் நம்பாதே. ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் பெய்தால் அப்போது எழு. முதலில் வேர், அப்புறம் இன்னும் கொஞ்சம் வேர், அதற்கப்புறம்தான் இலை.

அந்த வருடம் செவத்தாவுக்கு உடம்பு சரியில்லை. கரையான் உள்ளே ஏறி வயிரத்தைத் தின்றுவிட்டது. தனக்கு இனிப் பூப்பு இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததாலோ என்னவோ, என்றைக்கும் இல்லாத மாதிரி காய்த்துத் தள்ளியிருந்தாள். கிளையெல்லாம் வட்ட வட்டமாக இறக்கை வைத்த காய். அத்தனைக்கும் சொல்லி முடிக்க வேண்டும். காற்று வர மூன்றே நாள். குரலோ பொந்துக்குள் காற்று புகுந்த மாதிரி கரகரவென்று உடைந்தது. தாழ்ந்த கிளைகளுக்குச் சொல்லி முடித்ததோடு தொண்டை போய்விட்டது.

அவள் உச்சிக்கிளையில்தான் கரிச்சான் குடியிருந்தான். வாலில் இரண்டு துடுப்பு தொங்கும் கறுப்புக் குருவி. அவனுக்குச் சொந்தக் குரல் எது என்று அவனுக்கே மறந்துபோயிருக்கும். செந்நாய் மாதிரி சீட்டியடித்து மான்களை ஓடவிடுவான். தவிட்டுக்குருவிகள் புழுவைக் கவ்வும் நேரத்தில் பருந்து மாதிரி கத்துவான், அவை போட்டுவிட்டு ஓடிய புழுவைச் சாவகாசமாக எடுத்துத் தின்பான். ஈட்டியின் பெருமைப் பேச்சை அதன் எதிரிலேயே பேசிக் காட்டுவான். காடே சிரிக்கும். யாராவது சிரித்துவிட்டால் அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடே வேண்டாம்.

செவத்தா அவனைக் கூப்பிட்டாள். தன் பேச்சை ஒருமுறை சொல்லிக் காட்டினாள். அவன் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, அப்படியே திருப்பிச் சொன்னான். கரகரப்பு இல்லை. இருபது வருடத்துக்கு முந்தைய செவத்தாவின் குரல் அது. அவளுக்கே கண்ணீர் முட்டியது.

"கரியா, என் குரல்லயே சொல்லிப்போடு. வேற குரல்ல சொன்னா நம்பமாட்டாங்க."

"கவலைய உடுங்க ஆத்தா. நீங்க சொல்றதைவிட நல்லாவே சொல்லிப்போடறேன்."

சொன்னபடிதான் ஆரம்பித்தான். முதல் கிளைக்கு அவள் பேச்சை ஒரு எழுத்து பிசகாமல் சொன்னான். விதைகள் கொட்டாவி விட்டன. நம்பாதே, நம்பாதே, வேர், இன்னும் கொஞ்சம் வேர். ஒருத்தனும் சிரிக்கவில்லை. கரிச்சானுக்கு அது பொறுக்கவில்லை. தான் வாயைத் திறந்து ஒரு கூட்டம் தூங்கியதாக அதுவரை சரித்திரம் இல்லை. அன்று காலைதான் மழைப்பக்கம் போய்ப் பூவாத்தாவின் பேச்சைக் கேட்டு வந்திருந்தான். அதில் ஓட்டம் இருந்தது, துள்ளல் இருந்தது. அதை எடுத்துச் செவத்தாவின் குரலில் ஏற்றினான்.

"முதல் துளி பட்டதும் குதிங்கடா. பக்கத்துல இருக்கறவனை இடிச்சுத் தள்ளிட்டு ஓடுங்க. வேரை யாரு பாக்கறா?"

கிளை குலுங்கச் சிரித்தன விதைகள். அடுத்த கிளையும் கேட்டுச் சிரித்தது. தாழ்ந்த கிளையில் செவத்தாவே சொல்லி முடித்திருந்த பிள்ளைகளும், அம்மா இப்போது வேறு நல்ல பேச்சு பேசுகிறாள் என்று பழையதை மறந்தன. மூன்றாம் நாள் வரை சிரிப்பு அடங்கவில்லை. கீழே செவத்தாவுக்குச் சொற்கள் பிடிபடவில்லை, சிரிப்பு மட்டும் கேட்டது. பையன் நன்றாகத்தான் சொல்கிறான் என்று அவளும் சந்தோஷப்பட்டாள்.

மாசிக் காற்று வந்தது. விதையெல்லாம் பறந்து சரிவெங்கும் விழுந்தது. அடிக்கிளையில் முற்றாத காய் ஒன்று மட்டும் பச்சையாகத் தங்கிவிட்டது.

சித்திரையில் ஒரு மாலை மழை கொட்டியது. செவத்தா அதைப் பொருட்படுத்தவே இல்லை. நான்காம் நாள் குனிந்து பார்த்தபோது தரை முழுக்கப் பச்சை. எல்லாப் பிள்ளைகளும் எழுந்து, ஆளுக்கு இரண்டு இலை விரித்து, ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

அவள் பதறிப்போனாள். இலையை மடக்குங்கள், வேரை இறக்குங்கள், இது அந்த மழை இல்லை என்று இருந்த குரலையெல்லாம் திரட்டிக் கத்தினாள். வந்தது கரகரவென்று ஒரு உடைசல். கீழே ஒரே சிரிப்பு.

"கரிச்சான் அம்மா மாதிரி பேசறான் பாரு," என்றது ஒரு கன்று. "சரியாவே வரல."

அதற்குப் பிறகு நாற்பது நாள் வெயில். முதலில் பாறை ஓரத்தில் நின்றவை கருகின. அப்புறம் சரிவின் நடுவில் நின்றவை. அவள் தினமும் கத்தினாள். அவை தினமும் சிரித்தன. சிரிக்க ஆள் குறைந்துகொண்டே வந்தது. கடைசிக் கன்று, தலை சாயும்போது, "நீங்க நிஜமாவே அம்மாதானா?" என்று கேட்டது. ஆமாம் என்று அவள் சொன்னது அதற்குக் கேட்டதோ இல்லையோ.

கரிச்சான் உச்சியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தான். பறந்துபோக அவனுக்கு மனம் வரவில்லை. அன்று கீழே இறங்கி வந்தான்.

"ஒரு விளையாட்டுக்குத்தான் மாத்திச் சொன்னேன் ஆத்தா. எல்லாரும் சிரிச்சாங்க."

"எனக்கும் கேட்டுது," என்றாள் செவத்தா. "நல்லாச் சொல்றான்னு நினைச்சேன்."

கரிச்சான் அடிக்கிளையைப் பார்த்தான். மிச்சம் இருந்த ஒற்றைக் காய் அப்போதுதான் மஞ்சளித்து வந்தது. இதற்காவது ஒழுங்காகச் சொல்கிறேன், ஒரு சொல் மாறாது, சத்தியம் என்றான். அதற்குப் பிறகு அவள் யாரிடமும் பேசவில்லை.

காய் முற்றியது. உள்ளே இருந்த விதை தன் முறைக்காகக் காத்திருந்தது.

"அம்மா, நான் எப்போ முளைக்கணும்?"

செவத்தா வாயைத் திறக்கவில்லை. குரலாக வெளியே வந்தால் எவனும் எடுத்துக்கொள்ளலாம். சொல்ல வேண்டியதையெல்லாம் உடம்பின் சிவப்புச் சாற்றில் கரைத்தாள். சித்திரையை, ஆனியை, ஐப்பசியை, வேரை, வெயிலை. கரையான் விட்டுவைத்த கடைசிச் சொட்டு வரை காம்பு வழியாக விதைக்குள் இறக்கி, மேலே ஓட்டை இறுக்கி மூடினாள். விதைக்கு எதுவும் கேட்கவில்லை. அம்மாவுக்குக் கோபம் என்றுதான் அது நினைத்தது. ஒரு சொல்கூட வாங்காமல் காற்றில் போனது.

அடுத்த சித்திரை மழை அதன்மேல் அடித்துப் பெய்தது. எழுந்துவிடத்தான் ஆசை. உடம்பு அசையவில்லை. ஆனிச் சாரலுக்கும் அசையவில்லை. ஏன் என்று அதற்குத் தெரியாது. ஐப்பசியில் மூன்று நாள் மழைக்குப் பிறகு தானாக வேர் இறங்கியது. அந்த மழையில்தான் செவத்தா சாய்ந்தாள். தன்னைத் தாய் பேசாமல் அனுப்பிவிட்டாள் என்ற வருத்தத்தோடே அந்த வேங்கை நூறு வருடம் நின்றது. தன் பிள்ளைகளிடம் அதுவும் பேசவில்லை.

மேற்கே பூவாத்தா, தங்கையின் சத்தமே இல்லையே என்று கூப்பிட்டுப் பார்த்தாள். கரிச்சான்தான் போய் நடந்ததைச் சொன்னான். கொன்றது தன் பேச்சு என்று தெரிந்ததும் அவளும் வாயை மூடிக்கொண்டாள். நெல்லி மூடியது, ஈட்டி மூடியது, கடைசியில் மூங்கில்கூட மூடிக்கொண்டது. எல்லாரும் செவத்தா செய்தது போலவே சொல்லை விதைக்குள் வைத்துப் பூட்டினார்கள்.

பூட்டிய சொல்லை இனி யாரும் மாற்றிச் சொல்ல முடியாது. திருத்தவும் முடியாது. காற்று ஒரு விதையை முகட்டுக்கு அந்தப் பக்கம் எறிந்துவிட்டால், இது உன் ஊர் இல்லை என்று சொல்ல வாய் இல்லை. மழை நாள் தவறி, ஐப்பசியும் பொய்த்துப்போனால், அம்மா சொன்னது பழசாகிவிட்டது என்று சொல்லவும் ஆள் இல்லை. கரிச்சான் மட்டும் கிளைக்குக் கிளை உட்கார்ந்து காட்டில் உள்ள எல்லாக் குரலிலும் பேசிப் பார்க்கிறான், மரத்தின் குரல் நீங்கலாக.

அன்றைக்கு அடைத்த வாய்தான். மழைப்பக்கத்து வேங்கை விதையை வெயில்பக்கம் கொண்டுவந்து ஊன்றினால் இன்றைக்கும் முதல் மழைக்கே குதித்தெழுந்து கருகுகிறது. கோடாலி விழும்போதுகூட வேங்கை சத்தம் போடுவதில்லை, வெட்டிய இடத்தில் சிவப்பு மட்டும் வழிகிறது.