ஆசையற்றவரின் ஒன்றரை லட்சம்

"அம்மா, ஆசையை எல்லாம் விட்டவன் கையில பணம் இருந்தா என்ன செய்யணும்?"

கேட்டவர் வேலாயுதப்பெருமாள். வயது அறுபத்து நான்கு. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

பதில் சொல்ல வேண்டியவள் உலகம்மாள். அவரைவிட இருபது வருஷம் சின்னவள். குற்றாலத்து மலையடிவாரத்தில் ஓடு போட்ட ஒரு கூடத்தில் இருந்தாள். தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் அவளைவிட மூத்தவர்கள். இருந்தாலும் எல்லோருக்கும் அவள் அம்மாதான்.

எதைச் சொன்னாலும் ஆச்சரியப்பட்டுக் கேட்பது அவள் சுபாவம். குரு என்றால் கொஞ்சம் விறைப்பாக இருக்க வேண்டாமா என்று சிலருக்கு அதில் குறை.

"எவ்வளவு பணம் அண்ணாச்சி?"

"ஒன்றரை லட்சம்."

"எதுக்குன்னு வச்சிருந்தது?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி சண்முகவடிவுதான் சொன்னாள்.

"இவருக்கு நெஞ்சுல ஒரு வால்வு கெட்டுப்போச்சும்மா. மாத்தணும்னு டாக்டர் சொல்லுதாரு. மாத்தினா நல்லா இருப்பாராம். மாத்தலேன்னா ரெண்டு வருஷமாம். இன்சூரன்ஸ் போக எங்க கையில இருந்து கட்ட வேண்டிய பணம் அது."

"நான் வேண்டாம்னுட்டேன்," என்றார் அவர்.

"ஏன்?"

"பாத்ததெல்லாம் போதும்மா. பொண்ணைக் கட்டிக் குடுத்தாச்சு. வீட்டுக் கடனை அடைச்சாச்சு. இனிமே எனக்கு எதுலயும் ஒட்டுதல் இல்ல. நெஞ்சைக் கிழிச்சுத் தச்சு என்னத்தைக் காணப்போறேன்?"

சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. எல்லாவற்றையும் விட்டவர்களுக்கு அந்த ஒன்றை மட்டும் விட மனசு வராது.

வடிவு பத்து நாளாக அவரோடு பேசவில்லை. இங்கே வந்ததே கடைசி நம்பிக்கையில்தான்.

"நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கம்மா."

"எனக்கு வைத்தியம் தெரியாதுக்கா. அதைப் பத்தி நான் பேசவே மாட்டேன். அண்ணாச்சி பணத்தைப் பத்தித்தானே கேட்டாரு?"

வடிவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இவளை நம்பியா பஸ் ஏறி வந்தோம் என்று இருந்தது.

அம்மா அவர் பக்கம் திரும்பினாள்.

"ஆசைதான் இல்லையே. யாருக்காவது குடுத்திருங்க."

வேலாயுதப்பெருமாளுக்கு இருமல் வந்தது.

"குடுக்கலாம். குடுக்கக் கூடாதுன்னு இல்ல. ஆனா உழைச்ச காசு பாருங்க. பத்திரமா ஒரு இடத்துல கிடக்கட்டும்னு பாக்கேன்."

"அவ்வளவுதானே? பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பேங்க் இருக்கு. சாதா சேமிப்புக் கணக்குல போட்டுட்டு வீட்டுக்குப் போங்க."

"சரிம்மா."

கும்பிட்டார். எழுந்திருக்கப் போனார். எழுந்திருக்கவில்லை.

"அதுல வட்டி ரெண்டே முக்கால்தான் தாரான்."

"தரட்டும்."

"ரெண்டே முக்கால்மா!"

"அதனால என்ன அண்ணாச்சி?"

"என்னவா? தக்காளி என்ன விலை விக்கி? கேஸ் சிலிண்டர் என்ன விலை? ரெண்டே முக்காலுக்குப் போடுறதும் தெருவுல போடுறதும் ஒண்ணு!"

ஒட்டுதல் இல்லாதவருக்கு வந்த கோபத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

"அப்படியா!" என்றாள் அம்மா. நிஜமாகவே கவலைப்பட்டாள். "அப்போ டெபாசிட்ல போடுங்களேன்."

"டெபாசிட்டா? ஒரு காலத்துல ஒன்பது குடுத்தான். இப்போ அஞ்சுல வந்து நிக்கான். அந்த அஞ்சுக்கும் வரி. எனக்குப் பென்ஷன் வருதுல்லா, அதோட சேத்து வரி போட்டா மிஞ்சுறது நாலு."

"ஐயையோ. வயசானவங்களுக்குன்னு தனியா ஒரு திட்டம் இருக்காமே?"

"இருக்கு. அஞ்சு வருஷம். வட்டியைப் பாத்தா வாயில எச்சி ஊறும். ஆனா அதுக்கும் வரி உண்டும்மா. வரி போக ஆறு தேறாது."

"அப்போ வழியே இல்லையா?"

அவர் நகர்ந்து முன்னால் வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். மந்திரத்தை அன்றைக்கு அவர்தான் அம்மாவுக்கு உபதேசம் செய்தார்.

"ஒண்ணு இருக்கு. பி.பி.எஃப்."

"அது எங்க?"

"போஸ்டாபீஸ்லயே தொடங்கலாம். இந்தக் கெட்ட காலத்துலயும் ஏழுக்கு மேல தாரான். அதுக்கு வரி கிடையாது. வளரும்போதும் கிடையாது, எடுக்கும்போதும் கிடையாது!"

"எடுக்கும்போதுமா?"

"சல்லிக்காசு கிடையாது!"

தரையில் ஓங்கித் தட்டினார். பல்லி ஒன்று சுவரில் இடம் மாறியது.

"அப்போ எல்லாரும் அதுலயே போடலாமே அண்ணாச்சி?"

"போட மாட்டாங்கம்மா. பொறுமை கிடையாது. பதினஞ்சு வருஷம் கிடக்கணும். நடுவுல கொஞ்சம் எடுக்கலாம்னு இருக்கு. நான் எடுக்க மாட்டேன். விதையைத் தோண்டித் தோண்டிப் பாத்தா முளைக்குமா?"

"அதுக்கு அந்த அஞ்சு வருஷத் திட்டம் போதாதா? கொஞ்சம் வரி போனாப் போகுது."

"போதாது!" துள்ளினார். "வட்டிக்கு வட்டி சேந்து ஏறுறதே கடைசி அஞ்சு வருஷத்துலதான். அதைப் பாக்காம நடுவுல எந்திரிச்சு வந்தா, தேர் நிலையை விட்டுக் கிளம்பும்போது வீட்டுக்குத் திரும்பின மாதிரி."

"சரி, மக பேர்ல போட்டிருங்க."

"அவ பேர்லயா? மாப்பிள்ளை ஒரே மாசத்துல கடை வைக்கேன்னு கேட்டு வாங்கிருவான். என் பேர்லதான் இருக்கணும். நான் போய்க் கையெழுத்துப் போட்டு நான் எடுக்கணும்."

"பதினஞ்சு வருஷம் கழிச்சு எவ்வளவு இருக்கும்?"

விரலால் தரையில் கணக்குப் போட்டார். அழித்தார். மறுபடி போட்டார். நெற்றியில் வேர்த்திருந்தது.

"வட்டி இப்படியே நின்னா நாலு லட்சத்துக்கு மேலம்மா!"

"நாலு லட்சம்!" அம்மா கையைத் தட்டினாள். "என்ன செய்வீங்க அண்ணாச்சி அதை வச்சு?"

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. பிறகு மனைவியைப் பார்த்தார்.

"வடிவுக்குப் பனி பாக்கணும்," என்றார்.

வடிவு நிமிர்ந்தாள்.

"கல்யாணமான புதுசுல ஒரு காலண்டர் படத்தைப் பாத்துட்டுச் சொன்னாம்மா. லீவு கிடைக்கல. அப்புறம் பொண்ணு பொறந்தா, வீடு கட்டினோம், விட்டுப்போச்சு. நாலு லட்சம் இருந்தா காஷ்மீருக்கே போயிருவோம். ரயில் எல்லாம் வேண்டாம். பிளேன்தான்."

"பிளேனா? எனக்குக் காது அடைக்கும்," என்றாள் வடிவு. பத்து நாள் மௌனம் போன இடம் தெரியவில்லை.

"பஞ்சு வச்சுக்கோ."

"குளிருக்கு என்ன செய்வீங்க? மார்கழிக்கே மப்ளர் இல்லாம வாசலுக்கு வர மாட்டீங்க."

"அங்க கோட்டு வாடகைக்குத் தாராங்க. பூட்ஸும் தாராங்க. நான் விசாரிச்சிருக்கேன்."

"எப்போ விசாரிச்சீங்க?"

"அது எப்பவோ."

"அந்த மலையில உங்களால ஏற முடியுமா?"

"குதிரை இருக்கு."

"குதிரை வழுக்கினா?"

"வழுக்காது. வழுக்கினா நான் பிடிச்சுக்கிட மாட்டேனா?"

"குதிரையையா?"

"உன்னை!"

மூன்று பேரும் சிரித்தார்கள். வடிவு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

"எனக்கு என்ன வாங்கிட்டு வருவீங்க?"

"குங்குமப்பூ. நல்ல அசல் குங்குமப்பூ."

"மறந்திருவீங்க அண்ணாச்சி."

"எப்படி மறப்பேன்? எழுபத்தொன்பது வயசுன்னா மூளையா கெட்டுப் போயிரும்?"

வடிவின் சிரிப்புத்தான் முதலில் நின்றது.

அப்புறம் அம்மாவின் சிரிப்பு.

அவர் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு சுற்றிப் பார்த்தார். கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று. உள்ளே அது தப்பும் தவறுமாக, ஆனால் வேகமாக அடித்துக்கொண்டிருந்தது.

"எழுபத்தொன்பது," என்றார் மறுபடி. இந்தத் தடவை குரல் எழும்பவில்லை.

அம்மா எழுந்தாள். வாசலுக்குப் போனாள். குனிந்து அவர் செருப்பைக் கையில் எடுத்தாள். தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். வடிவின் செருப்பையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள்.

"ஐயோ, அம்மா! என் செருப்பைப் போய் நீங்க தொடலாமா?"

பதறிக்கொண்டு எழுந்தார். அவள் ஓரமாக நின்றுகொண்டாள்.

அவர் நின்றபடியே அந்த இரண்டு ஜோடிச் செருப்பையும் பார்த்தார். அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது. அதற்கு மேல் ஒரு சந்தோஷம் வந்து, அதை என்ன செய்வதென்று தெரியாமல் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"அம்மா."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"அந்தக் கணக்கைத் தொடங்க ஒன்றரை லட்சம் எல்லாம் வேண்டாம். ஐந்நூறு ரூபாய் போதும்."

"மீதி?"

அவர் மனைவி பக்கம் திரும்பினார்.

"வடிவு, ஆஸ்பத்திரிக்குப் போனைப் போடு. நாளைக்கே வாரோம்னு சொல்லு. டாக்டர் எந்தத் தேதி குடுத்தாலும் சரின்னு சொல்லு."

வடிவு அவசரத்தில் நம்பரைத் தப்பாக அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். அந்தப் பக்கம் எடுத்தார்கள்.

"ஆமா, வேலாயுதப்பெருமாள் வீட்டுலேருந்துதான். ஆமா. செய்யணும். செஞ்சிருங்க. செஞ்சிருங்கம்மா."

அதற்கு மேல் முடியாமல் வாய்விட்டு அழுதாள்.

அதற்குள் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கியிருந்தார்.

"அழுகையை பஸ்ல வச்சுக்கோ, வா! இன்னைக்குத் தேதி அஞ்சு. இன்னைக்குள்ள போட்டாத்தான் இந்த மாச வட்டி சேரும். போஸ்டாபீஸ்ல கவுண்டரை மூடிருவான்!"

"ஓடாதீங்க!" என்று அலறினாள் வடிவு. "நெஞ்சு! நெஞ்சு!"

"அண்ணாச்சி!" அம்மா வாசலில் நின்று கூப்பிட்டாள். "ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு மாச வட்டி எவ்வளவு வரும்?"

அவர் தெருவில் நின்று திரும்பினார். மூச்சு வாங்கியது. முகம் முழுக்கச் சிரிப்பு.

"மூணு ரூபாய்!" என்று கத்தினார். "அதுக்கும் வரி கிடையாதும்மா!"